செஷனில் எண் போதும்: தரவுத்தள ஆப்ஜெக்ட்களும் சீரியலைசேஷனும்

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி ஒன்றுக்கு நான் எழுதிக் கொடுத்த இணையச் செயலியில், பெங்களூரா வகை மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த ஒரு ஜூன் மாதக் காலையில், லோடு கொண்டுவந்த விவசாயிகள் ஒருவராலும் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. மண்டியின் கணக்கர் தொலைபேசியில் அழைத்து, "சார், பாஸ்வேர்டு போட்டா உள்ள போகுதுங்க, பேருகூட வருதுங்க, எடைச்சீட்டத் தொட்டா மறுபடியும் பாஸ்வேர்டு கேக்குதுங்க" என்றார். சர்வரின் பிழைப் பதிவைத் திறந்து பார்த்தேன். பி.எச்.பி. நிரல்மொழி தரவுத்தளத்தோடு பேசப் பயன்படுத்தும் பி.டி.ஓ. ஆப்ஜெக்ட்டை சீரியலைஸ் செய்ய முடியாது என்று ஒரு வரி இருந்தது. பிழை நேர்ந்த இடத்தைச் சொல்ல வேண்டிய பகுதியில் 'கோப்பு இல்லை, வரி 0' என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. எந்தக் கோப்பிலும் எந்த வரியிலும் நிகழாத பிழையை எங்கே போய்த் தேடுவது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இப்போது தருமபுரியில் மாலை வேளைகளில் பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் சிலருக்கு பி.எச்.பி. சொல்லித் தருகிறேன். அவர்கள் தாமாக எழுதும் முதல் லாகின் பக்கத்தில் இதே பிழை, அல்லது இதன் உறவுக்காரப் பிழை ஒன்று, தவறாமல் வந்து நிற்கிறது. தரவுத்தளத்திலிருந்து எடுத்த ஆப்ஜெக்ட்டை, அதாவது மதிப்புகளையும் அவற்றைக் கையாளும் வழிகளையும் சேர்த்துக் கட்டிய தொகுப்பை, அப்படியே செஷனில் போட்டுவிடுகிறார்கள். ஒரு பயனரைப் பற்றிய தகவலைப் பக்கத்துக்குப் பக்கம் சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் செஷன். அது ஏன் கூடாது என்பதை விதியாக மனப்பாடம் செய்வதைவிட, செஷனுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. பார்த்துவிட்டால் விதி தேவைப்படாது.

டோக்கனும் ஸ்டாண்டும்

இணையத்தில் பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்.டி.டி.பி. நினைவு வைத்துக்கொள்ளாத முறை. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கிறது, சர்வர் அதைத் தருகிறது, அத்துடன் அந்தக் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகிறது. அடுத்த நொடியில் அதே ஆள் அதே பிரவுசரிலிருந்து வேறு பக்கத்தைக் கேட்டாலும், முன்பு வந்தவர் இவர்தான் என்று சர்வருக்குத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி குக்கி என்னும் உத்தியைக் கொண்டுவந்தார். சர்வர் ஒரு சிறு குறிப்பைப் பிரவுசரிடம் கொடுத்து வைக்கிறது. பிரவுசர் ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தக் குறிப்பைத் திருப்பிக் காட்டுகிறது.

பென்னாகரம் பக்கமிருந்து காலையில் மொபெட்டில் வந்து, தருமபுரி பேருந்து நிலையத்தருகே ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு, ஓசூருக்கு வேலைக்குப் பேருந்து ஏறுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓசூர் போவதில்லை. அவர் கையில் ஒரு டோக்கன் மட்டும் இருக்கிறது. மாலையில் வந்து டோக்கனைக் காட்டினால் வண்டி கிடைக்கிறது. குக்கியில் இருக்கும் செஷன் அடையாளம் அந்த டோக்கன். வண்டி நிற்கும் ஸ்டாண்டு, சர்வரில் உள்ள செஷன் கிடங்கு. டோக்கன் எண்ணை யாரும் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக, செஷன் அடையாளம் நீண்டதாகவும் ஒழுங்கற்ற எழுத்துக் கோவையாகவும் உருவாக்கப்படுகிறது.

பி.எச்.பி.யில் வேறொன்றும் மாற்றியமைக்காவிட்டால் இந்தக் கிடங்கு என்பது ஒரு சாதாரணக் கோப்புறைதான். ஒவ்வொரு பயனருக்கும் அதில் ஒரு கோப்பு இருக்கும். கோப்பின் பெயரில் அவருடைய செஷன் அடையாளம் இருக்கும். 1,440 நொடிகள், அதாவது 24 நிமிடங்கள், தொடப்படாமல் கிடக்கும் கோப்பு குப்பையாகக் கருதப்பட்டு நீக்கத்துக்கு உரியதாகிவிடும். பைத்தான் மொழியில் இணையத்தளம் எழுத உதவும் ஜாங்கோவில் இதே கிடங்கு வழக்கமாகத் தரவுத்தளத்தின் ஓர் அட்டவணையாக இருக்கிறது. பெரிய தளங்களில் ரெடிஸ் போன்ற நினைவகக் கிடங்கைப் பயன்படுத்துகிறார்கள். எதுவாக இருந்தாலும், செஷனில் நாம் வைத்த தகவல் அந்தப் பக்கத்தை இயக்கிய நிரலின் நினைவகத்தை விட்டு வெளியேறி வேறோர் இடத்தில் எழுத்தாகப் படுத்திருக்கிறது என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும். இந்தக் கட்டுரையில் இனி வரும் எல்லாச் சிக்கல்களும் அந்த வெளியேற்றத்திலிருந்துதான் பிறக்கின்றன.

கட்டிலைக் கழற்றுவது

நினைவகத்தில் உயிரோடு இருக்கும் ஓர் ஆப்ஜெக்ட்டை, கோப்பில் எழுதக்கூடிய நேரான ஒரு பைட் வரிசையாக மாற்றுவதற்குப் பெயர் சீரியலைசேஷன். அந்த வரிசையைப் படித்து மீண்டும் ஆப்ஜெக்ட்டாக எழுப்புவது அன்சீரியலைஸ் செய்வது. வீடு மாற்றும்போது தேக்குக் கட்டிலை அப்படியே வாசல் வழியே கொண்டுபோக முடியாது. கால்களையும் சட்டங்களையும் பலகைகளையும் கழற்றி, எது எங்கே பொருந்தும் என்று குறித்துக்கொண்டு லாரியில் ஏற்றி, புது வீட்டில் மறுபடி பூட்டுகிறோம். கழற்றிய கட்டைகள் லாரியில் போகும். பூட்டத் தெரிந்த தச்சரின் அறிவு லாரியில் போகாது, அது புது வீட்டிலும் வேறாகக் கிடைத்தாக வேண்டும். ஆப்ஜெக்ட்டின் மதிப்புகள்தாம் சீரியலைஸ் ஆகின்றன. அதன் கிளாஸ், அதாவது அந்த ஆப்ஜெக்ட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் நிரல், சீரியலைஸ் ஆவதில்லை.

பி.எச்.பி. எழுதும் வரிசையை ஒரு முறையாவது திறந்து பாருங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். ஊர்ப் பெயரை வைத்திருந்தால் கோப்பில் 'எஸ்' என்ற ஆங்கில எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, 24 என்ற எண், மறுபடி முக்காற்புள்ளி, அதன்பின் மேற்கோள் குறிகளுக்குள் தருமபுரி என்று இருக்கும். எஸ் என்பது இது எழுத்துச் சரம் என்பதன் அடையாளம். 24 எங்கிருந்து வந்தது? நம் கண்ணுக்கு த, ரு, ம, பு, ரி என்று ஐந்து எழுத்துகள்தாம். யூனிகோடில் உகரக் குறியும் இகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் எட்டு குறியீடுகள் ஆகின்றன, யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். ஆக 24 பைட். இதே கணக்கில் மூன்றெழுத்து அரூருக்கு 15 பைட், ஆறெழுத்துக் கிருஷ்ணகிரிக்கு 33 பைட்.

இந்த எண் சும்மா அலங்காரத்துக்கு இருப்பதன்று. திரும்பப் படிக்கும்போது பி.எச்.பி. அந்த எண் சொல்லும் அளவுக்குப் பைட்களை எண்ணி எடுத்துக்கொண்டு, அடுத்து மேற்கோள் குறி வருகிறதா என்று பார்க்கிறது. வரவில்லை என்றால் முழு வரிசையையும் படிக்க முடியாததென்று கைவிட்டுவிடுகிறது. ஒரு மாணவர் சோதனைக்காகக் கோப்பைக் கையால் திருத்தித் தருமபுரியை தர்மபுரி என்று மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் உகரம் போன இடத்தில் புள்ளி வந்து, அதுவும் 24 பைட்டாகவே நின்றது. அதே துணிச்சலில் அரூர் என்று மாற்றினார், எண்ணை மாற்றவில்லை, லாகின் செய்தவர் வெளியே தள்ளப்பட்டார். சீரியலைஸ் செய்த வரிசை படிப்பதற்கு எழுத்துபோல் தோன்றினாலும், அது எண்ணிப் பூட்டிய மூட்டை என்பது அன்று அவருக்கு நன்றாகப் பதிந்தது.

எதைக் கழற்ற முடியாது

இப்போது மண்டிச் செயலிக்கு வருவோம். விவசாயி என்றொரு கிளாஸ் எழுதியிருந்தேன். அதில் பெயர், ஊர், கைபேசி எண், நிலுவைத் தொகை எல்லாம் இருந்தன. அந்தக் கோளாறுக்கு முந்தைய இரவு, நிலுவையை அந்த ஆப்ஜெக்ட்டே தரவுத்தளத்தில் கேட்டுச் சொல்லட்டும் என்று எண்ணி, தரவுத்தள இணைப்பையும் அதற்குள் ஒரு பண்பாக வைத்துவிட்டேன். முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், பெயரும் நிலுவையும் சரியாக வந்தன, விட்டுவிட்டேன். இரண்டாம் பக்கத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை.

தரவுத்தள இணைப்பு என்பது தகவல் அன்று. நடந்துகொண்டிருக்கும் ஓர் உரையாடல். மண்டிக்காரரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அவருடைய எண்ணைத் தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். பேசிக்கொண்டிருக்கும் அழைப்பை மடித்துப் பையில் வைக்க முடியாது. இணைப்புக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை பி.எச்.பி. நிரல் ஓடும் செயல்முறையில், இயங்குதளம் திறந்து கொடுத்த ஒரு சாக்கெட்டாக, அதாவது தகவல் போய்வரும் வாயிலாக, இருக்கிறது. மறு முனை மை எஸ்.க்யூ.எல். என்னும் தரவுத்தளத்தின் சர்வரில் இருக்கிறது, யார் உள்ளே வந்தார், என்ன அனுமதி, பாதியில் நிற்கும் பரிவர்த்தனை எது, தற்காலிக அட்டவணைகள் எவை என்பனவெல்லாம் அந்த முனையின் நினைவில்தான் இருக்கின்றன. நம் பக்கத்து முனையின் அடையாளங்களைக் கோப்பில் எழுதி வைத்து என்ன பயன்? பக்கம் முடிந்ததும் சாக்கெட் மூடப்படுகிறது, மறுமுனையும் தன் நினைவை அழித்துவிடுகிறது. பக்கம் முடிந்தும் மூடாமல் வைத்திருக்கும் பெர்சிஸ்டென்ட் இணைப்பு என்று ஒரு வகை உண்டே என்று சிலர் கேட்பார்கள். அதில் இணைப்பை உயிரோடு வைத்திருப்பது சர்வரின் அந்தச் செயல்முறைதான். அடுத்த பக்கத்தை வேறு செயல்முறை கையாளக்கூடும், ஏன், வேறு கணினியே கையாளக்கூடும்.

பி.எச்.பி.யின் வரலாற்றில் இந்தச் சிக்கல் மூன்று விதமாக முகம் காட்டியிருக்கிறது, மூன்றையும் அறிந்துகொள்வது நல்லது. பழைய மை எஸ்.க்யூ.எல். நீட்சியில் (2015-இல் வந்த பி.எச்.பி. 7-இல் அது நீக்கப்பட்டது) இணைப்பு ரிசோர்ஸ் என்னும் வகையைச் சேர்ந்தது, அதை சீரியலைஸ் செய்தால் சத்தமில்லாமல் 0 என்ற எண்ணாகிவிடும். அடுத்து வந்த மை எஸ்.க்யூ.எல்.ஐ. இணைப்பு, பழைய பதிப்புகளில், ஆப்ஜெக்ட்டாகவே சீரியலைஸ் ஆகித் திரும்பி வரும். ஆனால் உள்ளே உயிர் இருக்காது, முதல் வினவலை அனுப்பும்போதுதான் இணைப்பைப் பெற முடியவில்லை என்ற எச்சரிக்கை வரும். பி.டி.ஓ. மட்டுமே முதலிலேயே முடியாது என்று மறுத்துவிடுகிறது. தொடக்க நிலையில் இருப்பவர்கள் பி.டி.ஓ.வைக் கடுமையானது என்று குறைப்படுவதுண்டு. என் பார்வையில் அந்த மறுப்புதான் பெரிய உதவி. 0 என்று மாறிப்போன இணைப்பைத் தேடி ஓர் இரவு முழுவதும் அலைந்தவர்களுக்கு இது புரியும்.

கோப்பில்லாத, வரியில்லாத பிழையின் மர்மமும் இங்கேதான் அவிழ்கிறது. செஷனில் ஒரு மதிப்பை வைக்கும்போது பி.எச்.பி. அதை உடனே சீரியலைஸ் செய்வதில்லை. பக்கத்தின் நிரல் முழுவதும் ஓடி முடிந்த பிறகு, கடையைச் சாத்தும் நேரத்தில்தான் செஷனை மொத்தமாக எழுதுகிறது. அப்போது நம்முடைய எந்த வரியும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. ஆகவே பிழைச் செய்தியில் காட்ட ஒரு வரியும் இல்லை. பக்கமோ ஏற்கெனவே பிரவுசருக்குப் போய்விட்டது, பெயரும் நிலுவையும் திரையில் வந்துவிட்டன. ஆனால் செஷன் எழுதப்படவில்லை. விவசாயி எடைச்சீட்டைத் தொட்டதும் வந்த இரண்டாவது பக்கம் வெறும் செஷனைக் கண்டு அவரை லாகின் பக்கத்துக்கே திருப்பி அனுப்பியது. கணக்கர் சொன்ன வாக்கியத்தில் எல்லாமே இருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

இணைப்பை எடுத்துவிட்டால் போதுமா

போதாது. மாணவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள், ஆகவே இங்கே சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. பி.எச்.பி.யில் ஸ்லீப் என்றொரு மந்திர மெத்தட் உண்டு; மெத்தட் என்பது கிளாஸுக்குள் எழுதும் செயற்கூறு, சீரியலைஸ் செய்யும் முன் பி.எச்.பி. இதைத் தானாகவே அழைக்கும். சீரியலைஸ் ஆக வேண்டிய பண்புகளின் பெயர்களை மட்டும் அது திருப்பித் தரலாம். 7.4 பதிப்பிலிருந்து இதே வேலைக்கு இன்னும் தெளிவான இணை மெத்தட்களும் வந்துவிட்டன. இணைப்பை அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட்டு, ஆப்ஜெக்ட்டைத் திரும்ப எழுப்பும்போது ஓடும் வேக்கப் மெத்தட்டில் புதிய இணைப்பைத் திறந்துகொண்டால் பிழை மறைந்துவிடும். பிழை மறையும், தவறு இருக்கும்.

2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முன் எழுதிய பத்திரங்களில் பர்கூரிலும் ஊத்தங்கரையிலும் இருக்கும் நிலங்களுக்குத் தருமபுரி மாவட்டம் என்றே இருக்கும். எழுதிய நாளில் அது சரி. ஆனால் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு இன்று எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர் தவறான ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவார். மாவட்டப் பிரிப்பினால் நிலத்தின் சர்வே எண் மாறிவிடவில்லை. அந்த எண்ணைக் கொண்டு இன்றைய பதிவேட்டில் தேடினால் இன்றைய மாவட்டம் கிடைக்கும். செஷனில் கிடக்கும் விவசாயி ஆப்ஜெக்ட் பழைய பத்திரம் போன்றது. லாகின் செய்த நொடியில் தரவுத்தளம் எப்படி இருந்ததோ அதன் படி அது; அதற்குப் பிறகு அங்கே நடந்தது எதுவும் இதற்குத் தெரியாது.

மண்டியில் இது எப்படி வரும் என்று பாருங்கள். காலை 9 மணிக்கு ஒரு விவசாயி தன் கைபேசியில் உள்ளே வருகிறார். அவருக்குத் தர வேண்டிய நிலுவை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 9:10 மணிக்குக் கணக்கர் 25,000 ரூபாயைப் பட்டுவாடா செய்து தரவுத்தளத்தில் பதிகிறார். விவசாயியின் திரை இன்னமும் 40,000 என்கிறது. இது வெறும் காட்சிப் பிழை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 9:15 மணிக்கு அவர் தன் கைபேசி எண்ணைத் திருத்திச் சேமிக்கிறார். நிரல் செஷனிலிருந்த ஆப்ஜெக்ட்டை எடுத்து, எண்ணை மாற்றி, எல்லாப் பண்புகளையும் தரவுத்தளத்தில் திருப்பி எழுதுகிறது. நிலுவை மறுபடி 40,000 ஆகிவிடுகிறது. கணக்கர் கொடுத்த 25,000 ரூபாய் பதிவேட்டிலிருந்து காணாமல் போய்விட்டது. எந்தப் பிழைச் செய்தியும் வராது, எந்தப் பதிவிலும் சிவப்பு வரி இராது. மாலையில் கல்லாவைக் கூட்டிப் பார்க்கும்போது ஒருவர் மேல் மற்றொருவருக்குச் சந்தேகம் வரும். நிரலாளர் செய்த தவறுக்குக் கணக்கர் பழி சுமப்பது எனக்குப் பொறுக்க முடியாத ஒன்று. இந்தப் பொருளை இத்தனை நீளத்துக்கு எழுதுவதும் அதனால்தான்.

அளவும் ஒரு சிக்கல். சீரியலைசேஷன் ஓர் ஆப்ஜெக்ட்டோடு நிற்பதில்லை; அது சுட்டும் ஒவ்வொன்றையும் தொடர்ந்து போய்க் கழற்றுகிறது. விவசாயிக்குள் அவருடைய லோடுகளின் பட்டியல், ஒவ்வொரு லோடுக்குள்ளும் வியாபாரி, வியாபாரிக்குள் அவர் வாங்கிய மற்ற லோடுகள் என்று இருந்தால், ஒருவர் லாகின் செய்ததற்கு மண்டியின் பாதிக் கணக்கு அவருடைய செஷன் கோப்புக்குள் போய்விடும். அந்தக் கோப்பு ஒவ்வொரு பக்கத்துக்கும் முழுதாகப் படிக்கப்படுகிறது. போதாக்குறைக்கு, பி.எச்.பி.யின் கோப்புச் செஷனில் ஒரு பக்கம் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை அதே பயனரின் அடுத்த கோரிக்கை பூட்டுக்கு வெளியே காத்திருக்கும். ஒருவர் இரண்டு டேப் திறந்தால் ஒன்று மற்றொன்றுக்காக நிற்பதற்கு இதுதான் காரணம். செஷனில் எழுத வேண்டியதை எழுதி முடித்ததும் அதை உடனே மூடிவிடும் கட்டளை ஒன்று உண்டு; நீண்ட நேரம் ஓடும் அறிக்கைப் பக்கங்களில் அதைப் பயன்படுத்துவது நல்லது.

தச்சரின் அறிவு லாரியில் போவதில்லை என்று சொன்னேன் அல்லவா? செஷனைத் திறக்கும் நேரத்தில் விவசாயி கிளாஸின் கோப்பு ஏற்றப்படாமல் இருந்தால், அரைகுறைக் கிளாஸ் என்று பொருள்படும் பெயரில் ஓர் உயிரற்ற ஆப்ஜெக்ட் வரும். அதன் மெத்தட் எதையும் அழைக்க முடியாது. கிளாஸில் பண்புகளைக் கூட்டியோ பெயர் மாற்றியோ புதிய பதிப்பை ஏற்றினால், நேற்று எழுதப்பட்ட கோப்புகள் பழைய வடிவிலேயே கிடக்கும். ஜாவாவில் இதற்கென்றே பதிப்பு எண் ஒன்றைக் கிளாஸோடு வைத்திருக்கிறார்கள். எண் பொருந்தாவிட்டால் திரும்ப எழுப்ப மறுத்துவிடும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அன்சீரியலைஸ் செய்வது என்பது, வந்த வரிசை கேட்கும் ஆப்ஜெக்ட்டை உருவாக்கிக் கொடுப்பது. அந்த வரிசையை வெளியாள் ஒருவர் தன் விருப்பப்படி எழுத முடிந்தால், நம் செயலிக்குள் தனக்கு வேண்டிய ஆப்ஜெக்ட்களை அவர் எழுப்பிக்கொள்ளலாம். 2015 டிசம்பரில், இணையத்தளங்களின் உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் பி.எச்.பி. மென்பொருளான ஜூம்லாவில் நடந்தது இதுதான். பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியை ஜூம்லா செஷனில் சேமித்து வந்தது. அந்த வரியில் சீரியலைஸ் வடிவத் துணுக்குகளைப் புகுத்தி, சர்வரில் தங்கள் நிரலை ஓட்டினார்கள் தாக்கியவர்கள். அதில் நமக்கு நெருக்கமான ஒரு நுட்பமும் இருந்தது. மை எஸ்.க்யூ.எல். 'யு.டி.எஃப்8' என்று பெயரிட்டு வைத்திருந்த பழைய முறை, குறியீடு ஒன்றுக்கு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. நாம் எழுதும் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுக்குள் அடங்குவதால் நம் கண்ணில் அந்தக் குறை படாது. ஆனால் 4 பைட் குறியீடு ஒன்று வந்தால் அந்த இடத்தோடு வரிசை வெட்டுப்பட்டுவிடும். எண்ணிப் பூட்டிய மூட்டையின் பின்பகுதியை இப்படி வெட்டித் தள்ளித்தான் உள்ளே நுழைந்தார்கள். ஜூம்லா 3.4.6 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது. ஜாங்கோ அதற்கு முன்பே, 2013-இல் வந்த 1.6 பதிப்பில், செஷனுக்குப் பைத்தானின் சீரியலைஸ் முறையான பிக்கிளைத் தவிர்த்து, தகவலை எளிய எழுத்தாக எழுதும் ஜேசனை இயல்பு முறையாக்கிவிட்டது. ஜேசனில் எண்ணும் எழுத்தும் பட்டியலும் போகும், ஆப்ஜெக்ட் போகாது. அந்தக் கட்டுப்பாடு தொடக்கத்தில் இடைஞ்சலாகத் தெரியும். பழகியபின், நம்மை நாமே காப்பாற்றிக்கொள்ளும் வேலி அது என்பது தெரியும்.

பிறகு எப்படி எழுதுவது

செஷனில் விவசாயியின் எண்ணை மட்டும் வையுங்கள். லாகின் பக்கம் பாஸ்வேர்டைச் சரிபார்த்ததும் செஷன் அடையாளத்தைப் புதுப்பித்துவிட்டு, 417 என்ற அவருடைய எண்ணைச் செஷனில் எழுதுகிறது. அடுத்த ஒவ்வொரு பக்கமும் தொடக்கத்தில் தனக்கென ஓர் இணைப்பைத் திறந்து, 417-ஆம் விவசாயியைத் தரவுத்தளத்தில் கேட்டு, புதிதாக ஓர் ஆப்ஜெக்ட்டை உருவாக்கிக்கொள்கிறது. அந்தப் பக்கம் முடியும்வரை அதே ஆப்ஜெக்ட்டை எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பக்கம் முடிந்ததும் அது போகட்டும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வினவல் வீணாகிறதே என்று கேட்பார்கள். முதன்மைச் சாவியை, அதாவது 417 போன்ற தனி எண்ணை, கொண்டு அட்டவணையின் ஒரே ஒரு வரிசையை எடுப்பதுதான் தரவுத்தளம் செய்யும் வேலைகளிலேயே மிக எளியது. அதற்கென்றே அட்டவணை அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. செஷனும் இலவசமாக வருவதன்று. அதையும் எங்கிருந்தோ படித்து அன்சீரியலைஸ் செய்துதான் தருகிறார்கள். மண்டிச் செயலியில் மாற்றிய பிறகு ஒரு விவசாயியின் செஷன் கோப்பை நான் திறந்து பார்த்தபோது அதில் 'ஃபார்மர் ஐடி' என்ற ஆங்கிலப் பெயர், ஒரு செங்குத்துக் கோடு, முழு எண் என்பதைக் குறிக்கும் 'ஐ' என்ற எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, 417, ஓர் அரைப்புள்ளி ஆகியவை மட்டும் இருந்தன. மொத்தம் 16 பைட்.

இணைப்பை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் இதே போக்கில் விடை இருக்கிறது. விவசாயி கிளாஸ் விவசாயியைப் பற்றி மட்டும் அறிந்திருக்கட்டும். அவரைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து வருவதற்கும் திருப்பி எழுதுவதற்கும் வேறொரு கிளாஸ் இருக்கட்டும். இணைப்பு அதன் கையில் இருக்கட்டும். இப்படிப் பிரித்துவிட்டால் ஸ்லீப்பும் வேக்கப்பும் தேவைப்படுவதே அரிது. வேக்கப்பில் இணைப்பைத் திறக்கும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. செஷனைத் திறந்த மாத்திரத்தில், கேட்காமலேயே ஓர் இணைப்பு பிறந்துவிடும், மை எஸ்.க்யூ.எல். இயல்பாக ஒரே நேரத்தில் அனுமதிக்கும் இணைப்புகள் 151 மட்டுமே. சீசன் நாளில் அந்த எண்ணை எட்டிவிடுவது கடினமன்று.

எண்ணைத் தவிர வேறெதையும் செஷனில் வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பயனர் தேர்ந்தெடுத்த மொழி, மூன்று பக்கப் படிவத்தில் பாதி நிரப்பிய விடைகள், வேறு தளத்திலிருந்து வரும் போலிப் படிவங்களைத் தடுக்கும் ரகசியக் குறி போன்றவை செஷனுக்கே உரியவை. அவற்றுக்குத் தரவுத்தளத்தில் வேறு மூலம் இல்லை. ஒரு தகவலின் மூலம் வேறோர் இடத்தில் இருந்தால் அங்கே போகும் வழியை மட்டும் செஷனில் வைக்கலாம். ஏலத்தில் பேசி முடித்த விலை போன்ற, அந்த நொடியின் மதிப்பு மாறாமல் நிற்க வேண்டியவற்றைச் செஷனில் விடாமல், அந்த லோடின் வரிசையிலேயே தரவுத்தளத்தில் எழுதிவிட வேண்டும். செஷன் 24 நிமிடத்தில் குப்பைக்குப் போகக்கூடியது.

வேறு மொழியில் எழுதுகிறவர்களுக்கும் இதே பாதைதான், வழியில் வரும் பெயர்ப்பலகைகள் மட்டும் வேறு. ஜாவாவில் சீரியலைஸ் ஆகக் கூடாத பண்பின் முன் டிரான்சியன்ட் என்று எழுதுகிறார்கள். எழுத மறந்தால், செஷன் சர்வரின் நினைவகத்திலேயே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, ஜாவா செயலிகளை இயக்கும் சர்வரான டாம்கேட் செஷன்களைக் கோப்பில் எழுத முயலும் நேரத்தில்தான் பிழை வெளிப்படும். தரவுத்தள வரிசைகளை ஆப்ஜெக்ட்களாக மாற்றித் தரும் கருவிகளான ஜாவாவின் ஹைபர்னேட்டிலும் பைத்தானின் எஸ்.க்யூ.எல். ஆல்கெமியிலும் தரவுத்தள ஆப்ஜெக்ட் தன் பின்னணியிலிருந்து அறுந்துபோன பிறகு, அதுவரை ஏற்றப்படாத ஒரு பகுதியைக் கேட்டால், அறுந்துவிட்டேன் என்று சொல்லி நின்றுவிடும். பிழையின் பெயரை வைத்து மருந்து தேடாமல், எந்த இடத்தில் நினைவகத்தை விட்டு வெளியேறினோம் என்று பார்த்தால் காரணம் கிடைத்துவிடும்.

என் மாணவர்களிடம் லாகின் எழுதி முடித்ததும் நான் செய்யச் சொல்லும் சோதனை எளியது. முதல் பக்கத்தோடு நிற்காமல் இரண்டாம் பக்கத்தைத் திறக்க வேண்டும்; பிழைப் பதிவைத் திறந்து, கோப்பில்லாத வரி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; பிறகு லாகின் செய்த நிலையிலேயே, தரவுத்தளத்தில் அந்த விவசாயியின் ஊரைக் கையால் மாற்றிவிட்டுப் பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும். புதிய ஊர் திரையில் வர வேண்டும். பழைய ஊரே வந்தால், செஷன் கோப்பைத் திறந்து, அங்கே எந்தப் படி ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். ஏற்கெனவே ஆப்ஜெக்ட்டை வைத்து ஓடிக்கொண்டிருக்கும் செயலியை மாற்றுகிறவர்கள், புதிய பதிப்பை ஏற்றும்போதே பழைய செஷன் கோப்புகளையும் நீக்கிவிட வேண்டும். பயனர்கள் ஒரு முறை மறுபடி பாஸ்வேர்டு போட வேண்டியிருக்கும். மண்டியில் அதை விடியற்காலை 4 மணிக்கு, முதல் லோடு வருவதற்கு முன் செய்து முடித்தேன்.